அரக்குத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் ஒரு வேலையைத் தானே செய்யப்போவதாகச் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசாமல் வாளிகளைக் கழுவி வைத்துவிடுவேன். பங்குனித் திருவிழாவில் சாமி எங்கள் தெரு முனைக்கு வரும் அந்தக் காலையிலும் அப்படித்தான் செய்தேன். சமையலறைச் சுவரில் பழைய தண்ணீர் பில்டர் இருந்த இடத்தில் புதியதை அவரே மாட்டினார். கடைக்காரர் திருவிழா முடிந்ததும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். இவருக்கு அன்றைக்கே ஆகவேண்டும். மாட்டி முடித்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் வந்தது. வரக்கூடாத இடங்களில் தாராளமாக வந்தது.

அவர் பெயர் தினகரன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார். வீட்டின் முன்பாதியில் நாங்கள், பின்பாதியில் கொப்பரையும் அடுப்பும். காலையில் அங்கே எந்த நிறம் கொதிக்கிறதோ அந்த நிறத்தில்தான் அன்று முழுவதும் அவர் கை இருக்கும். மஞ்சள் கையால் சோறு பிசைவார், பச்சைக் கையால் செய்தித்தாள் புரட்டுவார். கல்யாணமான புதிதில் எனக்கு அதெல்லாம் கனவில் நடப்பதுபோல் இருந்தது. இப்போதும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது. அவரிடம் சொல்வதில்லை, சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

புது பில்டருக்கும் அந்த அவசரத்துக்கும் காரணம் அவருடைய அக்கா காவேரி, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறார். சாமி பார்க்க வருஷாவருஷம் இந்தக் காலையில் தம்பி வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். வாசலுக்குத்தான். உள்ளே வரமாட்டார், எங்கள் வீட்டில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டார். கையோடு ஒரு பச்சை பாட்டிலில் தன் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து, வெயிலில் நின்று, எங்கள் கண்ணெதிரிலேயே அண்ணாந்து குடிப்பார். நான் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினால், உங்கள் வீட்டுத் தண்ணீரில் சாய வாசனை அடிக்கிறது, எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். அதுவும் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட எங்களுக்குத் தேவலை.

உண்மையான காரணம் தெருவுக்கே தெரியும். அண்ணியின் மகள் கீர்த்தியின் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை நெய்யும் நூலுக்குத் தாய்மாமன் என்ற முறையில் இவர்தான் சாயம் போட்டார். சந்தன நிற உடல், அரக்கு நிறக் கரை. நெய்தவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் குமரகுரு. தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போக மண்டபத்தை விட்டு இறங்கியபோது ஒரு தூறல் போட்டது. பூத்தூறல்தான். அதற்கே கரையிலிருந்த அரக்கு கரைந்து சந்தனத்தில் இறங்கி, பெண்ணின் இடுப்பிலிருந்து பாதம் வரை கோடு கோடாக ஓடியது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ சிரித்தார்கள், யாரோ சகுனம் என்றார்கள்.

அண்ணியும் சாயக்காரர் பெண். அப்பாவோடு கொப்பரைப் பக்கத்தில் வளர்ந்தவர். அத்தனை பேர் நடுவில் அவர் தம்பியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எத்தனை தடவை அலசினாய் என்று கேட்டார். சாயம் ஏற்றிய பட்டு நூலைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசவேண்டும். அலசல் குறைந்தால் பின்னால் சாயம் விடும். அலசலில் ஒரு குறையும் இல்லை, தறியில் குமரகுரு நூலை ஈரத்தில் போட்டுப் பாழாக்கிவிட்டான் என்றார் இவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தண்ணீரும் அவருக்கு ஆகவில்லை.

நான் என் வீட்டுக்காரர் பக்கம் நின்றேன். நிற்காமல் என்ன செய்வது? குமரகுருவின் பெயரை எங்கே எடுத்தாலும் எனக்கு வாய் நீளும். அவர் எங்களிடம் நூல் கொடுப்பதை நிறுத்தினார். எங்கள் வாசலைத் தாண்டும்போது சைக்கிளில் குனிந்த தலை நிமிராமல் போவார். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் குனிகிறது என்று நான் சொல்லிக்கொள்வேன்.

இந்த வருஷம் கீர்த்தி தன் அம்மாவை ஓசூருக்குக் கூப்பிட்டுக்கொள்கிறாள். பிள்ளையார்பாளையத்து வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, விடிந்தால் பஸ். இந்தச் செய்தி வந்ததிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே இருந்தவர் கோலை அப்படியே நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஒரு வாய் தண்ணி குடிக்காம போயிட்டா, அப்பறம் இந்த வாசப்படி மிதிப்பாளா வள்ளி?"

மறுநாளே போய் இந்த பில்டரை வாங்கிவந்தார். கண்ணாடி மாதிரித் தெரியும் இரண்டு கிண்ணங்கள் மூடியிலிருந்து கீழே தொங்கும். முதல் கிண்ணத்தில் கரி, எந்த வாசனையையும் அது இழுத்துக்கொள்ளுமாம். இரண்டாவதில் வெள்ளைப் பருத்தி நூல் சுற்றிய திரி, கரித்தூள் வராமல் அது பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு குழாய். சாய வாசனை என்று இனி எப்படிச் சொல்வாள் பார்க்கிறேன் என்றார். முகத்தில் அத்தனை நம்பிக்கை.

முதல் கசிவு சுவர்க்குழாயிலிருந்து வரும் வெள்ளை டியூபில். சாய்வாக வெட்டிச் செருகியிருந்தார். நேராக வெட்டி, அழுத்திச் செருகியதும் நின்றது. அடுத்தது கீழே இருந்த குழாயின் மரையில். டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தார், முறுக்க முறுக்க அது பிரிந்துகொண்டே வந்தது. அதைப் பிய்த்தெறிந்து மரை ஓடும் பக்கமாகவே சுற்றினார், அதுவும் நின்றது. மூன்றாவது கசிவுதான் எங்களை ஆட்டிவைத்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. கிண்ணங்களின் அடியில் ஒரு சொட்டு திரளும், விழும். துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் வராது. கண்ணை எடுத்தால் விழும்.

அவர் ஸ்பேனரை வைத்து மூடிகளை இறுக்கினார். இறுக்க இறுக்கச் சொட்டுக்கு உற்சாகம் கூடியது. நான் கீழே ஒரு குண்டானை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். விடியலுக்கு முன்பே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்ட அலுப்பு. பின்கட்டில் மூங்கில்களில் நூல் கழிகள் காய்ந்துகொண்டிருந்தன, மயில்கழுத்தும் குங்குமமும் எலுமிச்சையும். வெயில் அவற்றின் வழியாக நுழைந்து சமையலறைத் தரையில் நிறம் நிறமாக விழுந்தது. காற்றடித்தால் நிறங்கள் இடம் மாறிக்கொண்டன. ராஜ வீதியில் எங்கோ நாதஸ்வரம். சொட்டு விழுந்தது. நாதஸ்வரம் மூச்சு வாங்கும் நேரமெல்லாம் பார்த்து அது விழுவதாக எனக்குத் தோன்றியது.

கண் செருகிவிட்டது போலிருக்கிறது. எங்கள் தெரு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர், ஆடாத அசையாத தண்ணீர். அதில் அண்ணி பச்சை பாட்டிலோடு நடந்து வருகிறார். தண்ணீரில் நடந்தும் புடவை நனையவில்லை. நான் டம்ளரை நீட்டிக்கொண்டு எதிரே போகிறேன். நான் ஒரு எட்டு வைத்தால் அவரும் ஒரு எட்டு வைக்கிறார், தூரம் மட்டும் குறையவே இல்லை. கூப்பிடலாம் என்றால் வாயில் நூல் அடைத்திருக்கிறது. அந்தத் தவிப்பில் விழித்துக்கொண்டேன்.

விழித்தபோது கனவு கலையவில்லை என்றுதான் நினைத்தேன். குண்டானில் இருந்த தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. குண்டான் நிரம்பி வழிந்து தரையில் ஓடிய தண்ணீரும் ரோஜா நிறம். சுவரில், கூரையில், என் கையில்கூட அந்த நிறம் நெளிந்தது. இரண்டாவது கிண்ணம் அரக்கு நிறத்தில் நிறைந்து, சன்னல் வெயிலில் விளக்கு ஏற்றிவைத்தது போல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் எதிரில் என் வீட்டுக்காரர் இடுப்பில் கைவைத்து நின்று, அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். எந்தக் கிண்ணம் கசிகிறது என்று தெரியவில்லை அல்லவா, இரண்டாவதில் மட்டும் ஒரு சிட்டிகை சாயப்பொடி போட்டேன், சொட்டு நிறம் மாறினால் இரண்டாவது, மாறாவிட்டால் முதலாவது என்றார். யோசனையில் ஒரு தப்பும் இல்லை. ஊரில் வேறு எந்த மனிதனுக்கும் இது தோன்றியிருக்காது. ஆனால் அந்தக் கிண்ணத்துக்கு அடுத்து இருப்பது குடிக்கும் குழாய். அதைத் திறந்து காட்டினேன். அரக்கு நிறத்தில் அழகாகக் கொட்டியது.

அவர் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். சாய வாசனை இல்லாத தண்ணீர் கொடுக்கப் புறப்பட்டவர் சாயத்தையே கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் வாசல் பக்கம் திரும்பினோம். தரையில் ஓடிய தண்ணீர் கூடத்தைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, நான் போட்ட கோலத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கோலத்தின் மறுபக்கம் செருப்பில்லாத இரண்டு பாதங்கள். அண்ணி வந்துவிட்டார்.

குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தார். அரக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கொப்பரைதான் கவிழ்ந்து தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். தினா என்று ஒரு குரல். அடுத்த நொடி சமையலறையில் இருந்தார். இத்தனை வருஷம் மிதிக்காத படியை எப்போது தாண்டினார் என்பது அவருக்கே தெரியாது. கொதிநீர் பட்டிருக்கிறதா என்று தம்பியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கையை உதறி விட்டார்.

நான் நடந்ததைச் சொன்னேன். சாய வாசனை, கரி, சிட்டிகை எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்காகத்தான் அண்ணி என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பச்சை பாட்டிலை மேடைமேல் வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவர் வால்வை மூடினார். கிண்ணத்தைக் கழற்றச் சொன்னார். இவர் கழற்றினார். மூடியின் உள்வட்டத்தில் கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. அண்ணி மூடியைச் சன்னல் பக்கம் பிடித்து மெல்லத் திருப்பினார். நகத்தால் எதையோ எடுத்தார்.

ஒரு பட்டு இழை. தலைமுடியில் பாதி கனம் இருக்காது. சாயக்காரர் கையில், சட்டையில், புருவத்தில்கூட எப்போதும் பட்டு இழை ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று மாட்டும்போது வளையத்தின் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே நடந்து வந்திருக்கிறது. ரப்பரில் நிறம் ஒட்டவில்லை, பிளாஸ்டிக்கில் ஒட்டவில்லை. அந்த இழை மட்டும் அரக்கைக் குடித்துச் சிவந்திருந்தது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆக, இவர் போட்ட சாயம் வீணாகவில்லை. நான் அதை வெளியே சொல்லவில்லை.

மூடியைத் துடைத்து, வளையத்தைச் சரியாக உட்காரவைத்து, கையால் முறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம் என்றார் அண்ணி. கசிவு நின்றது. வேறு திரி வாங்கலாம் என்றால் கடை எல்லாம் மூடிக் கிடந்தது. அண்ணி சிவந்த திரியைத் தொட்டுப் பார்த்தார். பட்டுச் சாயம் பருத்தியில் பிடிக்காது, அலசினால் போய்விடும் என்றார்.

அப்புறம் நடந்ததை எவ்வளவு நேரம் நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பின்கட்டில் நூல் கழிகளின் நிழலில் அண்ணி மணைமேல் உட்கார்ந்தார். நான் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு வைத்தேன். இவர் தொட்டி முன் குந்தி, திரியைத் தண்ணீரில் முக்குவதும் எடுத்துப் பிழிவதுமாக இருந்தார். முதல் வாளி அரக்கு. அடுத்தது மாதுளம்பழ நிறம். அப்புறம் தாமரை. ஒவ்வொரு வாளியையும் வடிகாலில் கவிழ்க்கும்போது தண்ணீரின் நிழல் சுவரில் ஏறி, மூங்கில்களைத் தொட்டு, கரைந்து போனது. மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது, பிறகு கேட்கவில்லை, பிறகு வேறு பக்கமிருந்து கேட்டது. அண்ணி மட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஏந்தி வெயிலில் பார்ப்பார். இன்னொரு தபா என்பார். எனக்கு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அங்கேயே இருந்துவிடலாம் போல் இருந்தது.

தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. என் கண்ணுக்கு நிறமே தெரியவில்லை. போதும் அக்கா என்று இவர் எழுந்தார். அண்ணி உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினார்.

"இன்னும் இருக்குது பாரு."

குனிந்து பார்த்தேன். கைரேகைகளின் நடுவில், சூரியன் படும் ஓரத்தில், இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு சிவப்பு. இவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படியே மறுபடி குந்தியவர், திரியை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்துது," என்றார். "லாரித் தண்ணி வரல. தொட்டில அடித்தண்ணிதான் கெடந்துது. கண்ணுக்குத் தெரியாத செவப்பு தானேன்னு வுட்டுட்டேன். அலசல்ல கொறை வெச்சது நான்தான்க்கா. குமரகுரு ஒண்ணும் பண்ணல."

அண்ணியின் கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கில் வடிந்து தீர்ந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதனுக்காக நான் தெருக்குழாயில், கல்யாண வீட்டில், கோயில் வரிசையில் குமரகுருவின் பெண்டாட்டியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவள் ஒருமுறை அழுதுகூட இருக்கிறாள். கையிலிருந்த வாளியை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று நினைத்தேன். நினைப்பதற்கு முன்பே கை கவிழ்த்துவிட்டது. தலையிலிருந்து தண்ணீர் வழிய அவர் அசையாமல் குந்தியிருந்தார். நல்ல வேளை, தெளிந்த தண்ணீர்.

அண்ணி என்னைத் தடுக்கவில்லை. தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"பொடவ போனதுக்கா உன் வூட்டுத் தண்ணிய வுட்டேன்? அலசல் கொறஞ்சுதுன்னு சாயம் ஓடுனதப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்பா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கியே சிரிச்சுட்டுப் போயிருப்பேன். நீ அடுத்தவன் கைமேல பழியப் போட்டுட்டு, எங்கிட்ட டம்ளர நீட்டுற. எப்படி எறங்கும் எனக்கு?"

இவர் முகத்தை வழித்துக்கொண்டார். கடைசியாக ஒருமுறை அலசி, பிழிந்து, அண்ணியின் கையில் தண்ணீரைக் காட்டினார். அண்ணி வெயிலில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். திரியை மாட்டி, கிண்ணத்தைக் கையால் முறுக்கி, குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டோம். எங்கேயும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நான் டம்ளரில் பிடித்தேன். அப்படி ஒரு தெளிவு, டம்ளரின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. அண்ணி வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

"அவங்கிட்ட சொல்லிட்டு வா. நான் நின்னுக்கினு இருக்கேன்."

சாமி ராஜ வீதியிலிருந்து எங்கள் தெரு முனையை நோக்கி வந்துகொண்டிருந்தது. தெரு முழுக்கக் கற்பூரத் தட்டுகளோடு ஆட்கள். நனைந்த வேட்டியும் சிவந்த கைகளுமாக என் வீட்டுக்காரர் அத்தனை பேர் நடுவிலும் நடந்து போனார். அவருக்கு அது தூரமான தெருவாக இருந்திருக்கும். கோடி வீட்டு வாசலில் குமரகுரு தட்டோடு நின்றார். இவர் எதிரில் போய் நின்று ஏதோ சொன்னார். தவில் காதைப் பிளந்தது. குமரகுருவுக்குக் கேட்கவில்லை. காதைச் சாய்த்து, என்ன என்று கையால் கேட்டார். இவர் மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. இவருடைய கழுத்து நரம்பு புடைத்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்துக் கத்துவதற்கும், முனையில் சாமி நின்று மேளம் சட்டென்று ஓய்வதற்கும் சரியாக இருந்தது.

"அலசல்ல கொறை வெச்சது நான்தான் குமரகுரு. உம்மேல பொய் சொன்னேன்."

தெரு முழுக்கக் கேட்டது. தட்டுகளில் கற்பூரம் எரியும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. சாமிக்கு முன்னால் நின்ற குருக்கள்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கத்தில் உள்ளே ஓடிவிடலாம் போல் இருந்தது. அவர்மேல் இருந்த கோபம் அப்படியே இருக்க, அதன் பக்கத்திலேயே வேறொன்றும் வந்து நின்றது. அந்த நனைந்த முதுகை நான் அவ்வளவு பிரியத்தோடு அதற்கு முன் பார்த்ததில்லை.

குமரகுரு அணையப்போன கற்பூரத்தின் பக்கத்தில் இன்னொரு கட்டியை வைத்தார். பிறகு தட்டை அவர் பக்கம் நகர்த்தி, மொதல்ல சாமியக் கும்புடு என்றார். இரண்டு பேரும் அந்த ஒரே தட்டைப் பிடித்துக்கொண்டு கற்பூரம் காட்டினார்கள். மேளம் மறுபடி தொடங்கியது.

திரும்பி வரும்போது குமரகுருவும் கூட வந்தார். எங்கள் வாசல் வரை வந்து நின்றவரின் தலை குனிந்திருக்கவில்லை. அண்ணி கையிலிருந்த டம்ளரை அவரிடம் நீட்டி, நீ குடிப்பா முதலில் என்றார். அவர் அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டு, தண்ணி நல்லாத்தான் இருக்குது என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் பெண்டாட்டியிடம் நான் நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார், வாளி எடுத்துக்கொண்டு வராதே என்றார். தெருவில் எல்லாச் செய்தியும் அவ்வளவு சீக்கிரம் பரவிவிடுகிறது.

அண்ணி உள்ளே போய்த் தானே குழாயைத் திறந்து பிடித்தார். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று, அவசரமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தொண்டையில் ஒவ்வொரு மடக்கும் இறங்குவதை என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு அண்ணி வாசனை ஒன்றும் இல்லை என்றார். பிறகு மேடையில் இருந்த பச்சை பாட்டிலை எடுத்து, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைப் பின்கட்டுச் செம்பருத்திச் செடியின் அடியில் கொட்டிவிட்டு, காலி பாட்டிலைத் தம்பியிடம் நீட்டினார்.

"ரொப்பிக் குடுப்பா. நாளைக்கு பஸ்ல குடிக்கணும்."

இவர் வாங்கிக் குழாயின் கீழ் பிடித்தார். பாட்டில் நிறைந்தது. கழுத்துவரை வந்தது, வாய்வரை வந்தது, வழிந்து விரல்களில் ஓடியது. அவர் குழாயை மூடவில்லை. மூடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான்தான் எட்டி மூடினேன்.